இணைப்பு ஏழு

மஞ்சக்குப்பம், ஆட்சியர் அலுவலகம், மாடிக் கூட்ட அறை.
பதினோரு மணிக்கு வரவேண்டிய பொதுக் கணக்குக் குழு
பன்னிரண்டேகாலுக்கு வந்தது.
முந்திரிப் பக்கோடா ஆறிப்போயிருந்தது.
நான் குழுவின் சுருக்கெழுத்தர்.
பேசாத எதுவும் என் நோட்டில் ஏறாது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்:
வேகத்துக்காக உயிரை விட்டுவிடுவோம்,
மெய்யை மட்டும் கோடாக இழுப்போம்.
ராத்திரி விடுதி அறையில் உட்கார்ந்து
விட்ட உயிரையெல்லாம் தேடிப் போட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும்.
சில நேரம் எந்த உயிர் என்பது மறந்துவிடும்.

தணிக்கைப் பத்தி மூன்று புள்ளி பதினான்கு.
புயல் நிவாரணம்.
நூற்றுக்கு எழுபத்தைந்து டில்லிப் பணம், மிச்சம் கோட்டைப் பணம்.
தார்ப்பாய் நாலாயிரத்து இருநூறு.
கூரைக்குச் சவுக்குக் கம்பு பதினாறு டன்.
ஏற்றி வந்த லாரியின் எண்ணும் கொடுத்திருந்தார்கள்.
உறுப்பினர் இளவழுதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இந்த எண்ணில் இருப்பது ஒரு மொபெட்.
ஒரே நடையா, ரெண்டு நடையா?"
எழுதினேன்: (சிரிப்பு).

அடைப்புக்குறிக்குள் போட எங்களுக்கு அனுமதி
சிரிப்புக்கு, குறுக்கீட்டுக்கு, மேசையைத் தட்டும் ஒலிக்கு.
செயற்பொறியாளர் தண்ணீர் குடித்த ஒன்றரை நிமிடத்துக்குக்
குறி இல்லை.

எழுத்துப்பிழை, என்றார் பிறகு.
பயன்பாட்டுச் சான்றிதழ் போன வருஷமே போய்விட்டது,
டில்லி ஏற்றுக்கொண்டது, ஒரு கேள்வி வரவில்லை.
தலைவர் செங்கமலம் கோப்பை மூடினார்.
"டில்லி கேட்காதுங்க.
டில்லிக்கு உப்பனாறு எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியாது.
கேட்கத்தான் பேரவை எங்களை அனுப்பியிருக்கு.
வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

நிகழ்ச்சி நிரலில் புன்னங்குப்பம் இல்லை.
ஐந்து கார் போய்
சாலையில் காய்ந்த நெத்திலிக்கு முன்னால் நின்றது.
யாரும் மீனை ஒதுக்கவில்லை.
நடந்தோம்.

பதிவேட்டில் வரிசை எண் முந்நூற்றுப் பதினொன்று,
பூங்காவனம், தார்ப்பாய் ஒன்று, இடது பெருவிரல் ரேகை.
"பேரு என்னுதுதான். ரேகை என்னுது இல்ல.
எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்.
கைநாட்டு வெச்சதே கிடையாது."
வேறு பூங்காவனமாக இருக்கலாம் என்றார் வட்டாட்சியர்.
"இருந்தா அவளக் கூப்பிடுங்க, நானும் பாக்கறேன்."

மழைக்கு என்ன செய்தீர்கள், என்று கேட்டார் தலைவர்.
"தேர்தல் பேனரைப் பிரிச்சிக் கட்டுனோம்.
அச்சு உள்பக்கம் வந்துடுச்சி.
எட்டு நாள் ஒழுகல.
எட்டு நாளும் படுத்துக்கிட்டுப் பாத்தா
அவரு சிரிச்சிக்கிட்டே இருந்தாரு."
உறுப்பினர்களில் ஒருவர் கடலைப் பார்த்தார்.
யாரென்று என் நோட்டில் இல்லை.

கையெழுத்துப் போட்டுக் காட்டுங்களேன் என்றதும்
நான் ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினேன்.
மீன் செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு
அவர் கேட்டார்:
"எதுக்குன்னு போடறது?
வாங்குனதுக்கா, வாங்காததுக்கா?"

அதற்குப் படிவம் இல்லை.
வட்டாட்சியர் உதவியாளரைப் பார்த்தார்,
உதவியாளர் நெத்திலியைப் பார்த்தார்.
"வாங்காததுக்கு" என்றார் தலைவர்.

ர. பூங்காவனம். கீழே ஒரு கோடு.
தேதி கேட்டு அதையும் எழுதினார்.

அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
எல்லாம் நான் தட்டியது,
இணைப்பு ஏழு தவிர. அதை ஒளிநகல்தான் எடுக்க முடிந்தது.
அதில் நான் தேடிப் போட வேண்டிய உயிர் எதுவும் இல்லை.

அரசின் பதில் பதினான்கு மாதம் கழித்து வந்தது:
விசாரணை நடந்துவருகிறது;
காலமான இளநிலை உதவியாளர் ஒருவரிடமிருந்து
ரூபாய் ஆறாயிரத்து நானூறு வசூலிக்க ஆணையிடப்பட்டுள்ளது.
நேற்றைய செய்தியில் கடலூர்த் துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு.

பேனாவை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.
அலுவலகப் பேனா.
எழுதுபொருள் பதிவேட்டில் கணக்கு உதைக்கிறது என்கிறார்கள்.
பெற்றவர் என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதி
கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.